450 குவாடுக்கு காம்பஸ் + பாரோ சென்சார் போர்டு: ரெண்டாவது டிசைன் அனுப்புறதுக்கு முன்னால ஒரு யோசனை

பாளைகுவாட்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். 450 ஃப்ரேம் குவாட் (நாலு மோட்டார் ட்ரோன்), 10 இன்ச் ப்ராப், 4 செல் லிப்போ, ஆர்டுபைலட் சாஃப்ட்வேர். இதுக்கு வெளிய வைக்க ஒரு சென்சார் போர்டு கிகேட் சாஃப்ட்வேர்ல வரைஞ்சு அஞ்சு எண்ணம் அடிச்சு வாங்கியாச்சு. ரெண்டாவது தடவை அனுப்புறதுக்கு முன்னால உங்க கண்ணு பட்டா நல்லது.

இப்ப உள்ள போர்டு: 25க்கு 25 மி.மீ., 1 மி.மீ. தடிமன், ரெண்டு லேயர். காம்பஸ் சிப் எல்ஐஎஸ்3எம்டிஎல், பாரோ (காத்தழுத்தத்தை வச்சு உயரம் அளக்குற சென்சார்) டிபிஎஸ்310, 5 வோல்ட்ட 3.3 ஆக்க ஏபி2112 ரெகுலேட்டர், ஐ2சி (சென்சார் பேசுற ரெண்டு வயர் பஸ்) லைனை மேல இழுத்துப் பிடிக்கிற புல்-அப் ரெசிஸ்டர் 10கே ரெண்டு, ஒரு சிவப்பு எல்இடி. நாலு மூலையிலயும் எம்3 ஸ்டீல் ஸ்க்ரூ. மேல் பிளேட்ல உக்காந்திருக்கு. பேட்டரி வயர் 3 செ.மீ. கீழ போகுது. ஃப்ளைட் கன்ட்ரோலர் (ட்ரோனை ஓட்டுற மெயின் போர்டு) வரைக்கும் 40 செ.மீ. ரிப்பன் கேபிள்.

கோளாறு நாலு:

1. பாதி த்ராட்டில் குடுத்தா திசை 30 டிகிரிக்கு மேல திரும்புது. காம்பஸ்மாட் (மோட்டார் கரண்ட் காம்பஸை எவ்வளவு கெடுக்குதுன்னு பாக்குற ஆர்டுபைலட் சோதனை) 74 சதவீதம் காட்டுது.
2. காத்து அடிச்சா உயரம் 3, 4 மீட்டர் ஏறி எறங்குது. காத்தே இல்லாத நேரத்துல வெயில் சுள்ளுனு விழுந்தாலும் ஒரு குதி.
3. டேபிள்ல நல்லா இருக்க காம்பஸ், பறக்கும்போது அப்பப்ப காணாமப் போகுது.
4. எல்இடி மினுக்குற தாளத்துக்கு திசை 2, 3 டிகிரி ஆடுது. இது என்ன கூத்துன்னே புரியல.

நாலு லேயர் போட்டா சரியாகுமா? அப்படியே ஐசிஎம்-42688-பி (கைரோ, ஆக்சிலரோமீட்டர் சிப்) ஐயும் இதே போர்டுல சேத்துரலாமான்னு ஒரு ஆசை.

காந்தக்கல்:

தம்பி, 1ம் 4ம் ஒரே நோய். கணக்கு போட்டுப் பாத்துருவோம்.

நீளமா போற ஒத்த வயர்ல 10 ஆம்பியர் ஓடுனா 5 செ.மீ. தள்ளி அதோட காந்தப்புலம் 40 மைக்ரோடெஸ்லா. நம்ம திருநெல்வேலிப் பக்கம் பூமியோட மொத்தப் புலமே சுமாரா அவ்வளவுதான். பிளஸ் வயர் ஒரு பக்கமும் மைனஸ் வயர் இன்னொரு பக்கமும் வளைஞ்சு போனா உங்க காம்பஸ் பூமியப் பாக்கல, பேட்டரியப் பாக்குது.

அதே 10 ஆம்பியர், ரெண்டு வயரையும் 3 மி.மீ. இடைவெளியில ஒட்டி ஓட விட்டா 5 செ.மீ.ல 2.4 மைக்ரோடெஸ்லாவா சுருங்கிரும். அதாவது மோசமான திசையில வந்தா 3.4 டிகிரி பிழை. 10 செ.மீ. கம்பம் வச்சுத் தூக்குனா 0.6 மைக்ரோடெஸ்லாதான். ஒத்த வயர்னா தூரத்துக்குத் தக்கன குறையும். ஜோடி வயர்னா தூரத்தோட வர்க்கத்துக்குத் தக்கன குறையும். அதனால மொதல்ல வயர முறுக்குங்க, பொறவு கம்பத்தை உசத்துங்க. மாத்திச் செஞ்சா கம்பம் 20 செ.மீ. ஆகி ஆடத்தான் செய்யும்.

இப்ப எல்இடி. 10 மில்லி ஆம்பியர்தானேன்னு நினைப்பீங்க. ஆனா அந்த டிராக் காம்பஸுக்கு 1 மி.மீ. பக்கத்துல போகுதுன்னா அங்க 2 மைக்ரோடெஸ்லா. 40ல 2னா 2.9 டிகிரி. நீங்க சொன்ன 2, 3 டிகிரி இதுதான். ரெண்டு லேயர் போர்டுல கிரவுண்ட வெட்டி வெட்டி டிராக் ஓட்டியிருப்பீங்க. கரண்ட் திரும்பி வர வழி சுத்திப் போயிருக்கும். எல்இடியத் தூக்கிருங்க. வேணும்னா ஃப்ளைட் கன்ட்ரோலர் பக்கத்துல வைங்க. நாலு லேயர்ல ரெண்டாவது லேயர முழுக் கிரவுண்டா விட்டா, வாற கரண்ட் சுத்திப் போகாம பக்கத்துலயே திரும்பும், புலம் குறையும். செம்பு காந்தத்துல ஒட்டாது, அதனால காம்பஸுக்கு அடியில செம்பு இருக்கது தப்பில்ல. அதுல ஓடுற கரண்ட்தான் தப்பு.

ஸ்டீல் ஸ்க்ரூ கூடவே கூடாது. நைலான், இல்லன்னா பித்தளை. பித்தளைன்னு குடுக்கதுல சிலது இரும்புக்கு மேல மஞ்ச முலாம். கடையிலயே ஒரு சின்ன காந்தத்தை வச்சு ஒட்டுதான்னு பாத்து வாங்குங்க. சில பஸ்ஸர் உள்ளயும் காந்தம் இருக்கு, அதை எதிர்க் கோடியில கட்டுங்க. பின் ஹெடர் பின்னையும் சோதிங்க. செராமிக் கெபாசிட்டர் முனையில நிக்கல் பூச்சு உண்டு, அதுவும் காந்தத்துல ஒட்டும். 100 நானோஃபாரட ஒட்டியே வைக்கணும், வேற வழியில்ல, 4.7, 10 மைக்ரோன்னு பெருசா உள்ளதை 8, 10 மி.மீ. தள்ளிப் போடுங்க. ஃபெர்ரைட் பீடும் அப்படித்தான்.

மாத்திட்டு காம்பஸ்மாட் திரும்ப ஓட்டுங்க. 30க்குக் கீழ வந்தா பறக்கலாம். 30ல இருந்து 60 வரைக்கும் இழுபறி. 60க்கு மேலன்னா எடத்தை மாத்தாம சாஃப்ட்வேர்ல சரிபண்ண உக்காராதீங்க.

ஈயம்63:

மூணாவது கோளாறுக்கு புல்-அப் காரணமா இருக்கலாம். அது மட்டும்தான்னா 10கே ரொம்ப பலவீனம்.

கணக்கு: எழும் நேரம் = 0.85 × ரெசிஸ்டன்ஸ் × லைனில் உள்ள மொத்தக் கெபாசிட்டன்ஸ். 40 செ.மீ. கேபிள், ரெண்டு சென்சார், கன்ட்ரோலர் பின், கனெக்டர் எல்லாம் சேத்து 100 பிகோஃபாரட்னு வைங்க. 10கேக்கு 850 நானோசெகண்ட். 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சிக்கு அனுமதி 300. 100 கிலோஹெர்ட்ஸ்ல 1000 வரைக்கும் அனுமதி உண்டு, அதனால டேபிள்ல ஓடுது. மோட்டார் சுத்தி இஎஸ்சி (மோட்டார் வேகத்தை ஆளுற போர்டு) இரைச்சல் ஏறுனதும் ஓரத்துல நின்னது கீழ விழுந்துருது. 2.2கே போட்டா 187 நானோசெகண்ட்.

ஆனா கண்ணை மூடிட்டு 2.2கே போடாதீங்க. உங்க ஃப்ளைட் கன்ட்ரோலருக்குள்ள ஏற்கெனவே புல்-அப் இருக்கலாம். கரண்ட் இல்லாம, கேபிளைக் கழட்டிட்டு, எஸ்டிஏ (ஐ2சி டேட்டா) பின்னுக்கும் கன்ட்ரோலரோட 3.3 வோல்ட்டுக்கும் நடுவுல மல்டிமீட்டர வச்சு அளங்க. அங்க 2.2கே இருந்து நீங்களும் 2.2கே போட்டா சேந்து 1.1கே. 3 மில்லி ஆம்பியர் இழுக்குற பின்னுக்குக் கீழ் எல்லை 967 ஓம், 1.1கே தப்பிச்சிரும், அதுக்கு மேல இன்னொரு மாட்யூல் சேந்தா தப்பாது. போர்டுல புல்-அப்புக்கு சாலிடர் ஜம்பர் விடுங்க, தேவைன்னா மூடலாம். புல்-அப் 3.3க்குத்தான் போகணும், 5க்கு இல்ல.

எல்ஐஎஸ்3எம்டிஎல்ல ரெண்டு பின் பாத்துக்கோங்க. சிஎஸ் பின்னை 3.3ல கட்டணும், மிதக்க விட்டா சில நேரம் எஸ்பிஐங்குற இன்னொரு பஸ் முறைக்குப் போயி ஐ2சில காணாமப் போயிரும். அதுவும் உங்க மூணாவது கோளாறுக்கு ஒரு காரணமா இருக்கலாம். எஸ்ஏ1 கிரவுண்ட்னா முகவரி ஹெக்ஸ் 1சி, 3.3னா ஹெக்ஸ் 1ஈ. சி1 பின்ல 100 நானோஃபாரட் கட்டாயம். டிபிஎஸ்310ல எஸ்டிஓவ சும்மா விட்டா ஹெக்ஸ் 77, கிரவுண்ட்ல கட்டுனா 76. கன்ட்ரோலர் உள்ள இருக்க பாரோவும் அதே பஸ்ல அதே முகவரியில இருந்தா ரெண்டும் முட்டிக்கும். எஸ்டிஓவுக்கும் ஒரு ஜம்பர் விட்டுருங்க.

ரெகுலேட்டர் ஏபி2112 தப்பில்ல. நான்னா எல்பி5907 போடுவேன், இரைச்சல் 6.5 மைக்ரோவோல்ட்தான். உள்ளயும் வெளியயும் 1 மைக்ரோஃபாரட் போதும். ஆனா 5.5 வோல்ட்டுக்கு மேல அதுக்கு ஆகாது. உங்க பிஇசி (பேட்டரியில இருந்து 5 வோல்ட் எடுத்துக் குடுக்குறது) 5.3 குடுத்தா சரி, 5.6, 5.8 குடுக்க மட்டமான பிஇசின்னா ஏபி2112தான் இருக்கட்டும், அது 6 வரைக்கும் தாங்கும்.

கனெக்டருக்கு ஜேஎஸ்டி ஜிஹெச் 4 பின், 1.25 மி.மீ. பிட்ச். வரிசை பிக்ஸாக் ஃப்ளைட் கன்ட்ரோலர் முறை: 5வி, எஸ்சிஎல் (ஐ2சி க்ளாக்), எஸ்டிஏ, கிரவுண்ட். ரெடிமேடா கிரிம்ப் பண்ணி விக்கிற கேபிள்ல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு நேரா போகும், இன்னொண்ணு தலைகீழா போகும். தலைகீழ் கேபிள சொருகுனா 5 வோல்ட் கிரவுண்ட்ல ஏறும், ஒரே நொடியில ரெகுலேட்டரும் சென்சாரும் சேந்து போகும். சொருகுறதுக்கு முன்னால பின் 1ல இருந்து பின் 1க்கு பீப் அடிக்குதான்னு பாருங்க.

நாங்குநேரிக்காத்து:

பாரோவைப் பத்தி யாரும் வாயே தொறக்கலையே. நம்ம ஊர்ல ஆனி, ஆடி மாசம் பறக்குறவனுக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வாற காத்துக்குத்தான் முப்பந்தல்ல அத்தனை காத்தாடி நட்டு வச்சிருக்கான்.

செகண்டுக்கு 10 மீட்டர் காத்து நேரா முட்டுனா கிட்டத்தட்ட 58 பாஸ்கல் அழுத்தம் கூடும். கடல்மட்டத்துக்குப் பக்கத்துல 12 பாஸ்கல் ஒரு மீட்டர் உயரம். அப்போ 5 மீட்டர் பொய். ட்ரோன் தாழ்ந்துட்டுன்னு நினைச்சு மேல ஏத்தும், காத்து விட்டதும் கீழ தள்ளும். உங்க 3, 4 மீட்டர் ஆட்டம் இதுதான். டிபிஎஸ்310 ஓட துல்லியம் 0.2 பாஸ்கல், அதுல ஒரு குறையும் இல்ல.

செய்ய வேண்டியது: சென்சார் மேல ஒரு சின்ன டப்பா, அதுக்குள்ள திறந்த துளையுள்ள கருப்பு ஃபோம் 5ல இருந்து 8 மி.மீ. பஞ்சு மாதிரி ஊதுனா காத்து போகணும். பேக்கிங்ல வாற மூடிய துளை ஃபோம் வச்சா பாரோ செத்தமாதிரி நிக்கும். ஃபோமை அமுக்கி ஒட்டாதீங்க, சும்மா தொட்டுட்டு இருக்கட்டும். சூப்பர் க்ளூ பக்கமே போகாதீங்க, ஆவி துளைக்குள்ள படியும். டப்பாவுல 1.5 மி.மீ. துளை ரெண்டு மூணு, பக்கவாட்டுல, எதிரெதிர் திசையில. முன்னால பாத்த மாதிரி ஒரே துளைன்னா அது காத்து வேகம் அளக்குற பிட்டோ குழாய் ஆயிரும்.

வெயில் குதிக்கு ரெண்டு சந்தேகம். ஒண்ணு சூடு. இன்னொண்ணு, பாரோவுக்குள்ள இருக்கது சிலிக்கான், வெளிச்சம் பட்டா சிலதுல அளவு மாறும். எம்எஸ்5611 அதுக்குப் பேர் போனது. சோதிக்க எளுப்பம்: ரூமுக்குள்ள உயரத்தைத் திரையில ஓடவிட்டு, போன் டார்ச்ச சென்சார் மேல அடிங்க. அடிச்ச கணமே குதிச்சா வெளிச்சம். பைய நகந்தா சூடு. ரெண்டுக்கும் கருப்பு ஃபோம்தான், ஆனா சூடுன்னா டப்பாவ வெள்ளையில அடிங்க. கருப்பு 3டி பிரிண்ட் டப்பாவ வச்சுட்டு சித்திரை வெயில்ல நின்னுட்டு பாரோவைத் திட்டக்கூடாது.

உவரி, மணப்பாடு பக்கம் பறப்பீங்கன்னா போர்டுக்கு அக்ரிலிக் பூச்சு குடுங்க, ஆனா பாரோ துளையை கேப்டான் டேப் ஒட்டி மறைச்சிட்டுத்தான். காஞ்ச பொறவு டேப்ப எடுக்க மறந்துராதீங்க. கடற்கரைக் கருமணல் மோட்டார் காந்தத்துல அப்பிக்கும், கீழ ஒரு சாக்கு விரிச்சு ஏத்துங்க. கூடங்குளம், மகேந்திரகிரி, விஜயநாராயணம் கடற்படை நிலையம், களக்காடு முண்டந்துறைக் காடு இதெல்லாம் நம்ம சுத்துவட்டாரத்துலயே இருக்கு. டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) வான்வெளி வரைபடத்தைப் பாக்காம எங்கயும் ஏத்தாதீங்க.

பாளைகுவாட்:

எல்லாருக்கும் நன்றி அண்ணாச்சி. சிஎஸ் பின்னை இப்பத்தான் பாத்தேன், மிதக்கத்தான் செய்யுது. கன்ட்ரோலர்ல புல்-அப் 4.7கே அளந்தேன். ஐசிஎம் பத்தி யாரும் சொல்லலயே? அதுக்குச் சுத்தி மூணு பக்கமும் போர்ட வெட்டி விட்டா நல்லதுன்னு எங்கயோ பாத்த ஞாபகம். அப்புறம் இந்த எல்ஜிஏ பேக்கேஜ (கால் இல்லாம அடியில பேடு உள்ள சிப்ப) வீட்டுல ஒட்டுறது எப்படி? மொதப் போர்டுல ரெண்டு சென்சார் போச்சு.

ஈயம்63:

கன்ட்ரோலர்ல 4.7கே இருக்குன்னா உங்க போர்டுல இன்னொரு 4.7கே போதும். சேந்து 2.35கே.

ஐசிஎம் வேண்டாம். அது எஸ்பிஐல செகண்டுக்கு ஆயிரக்கணக்குல படிக்கணும்; 40 செ.மீ. கேபிள்ல எஸ்பிஐ ஓட்டுனா எதிரொலிச்சு பிட் மாறும். கைரோவுல ஒரு பிட் தப்புனா ட்ரோன் கவுந்துரும், காம்பஸ் மாதிரி மன்னிக்காது. அது கன்ட்ரோலர் போர்டுல, ப்ராசசர் பக்கத்துலதான் இருக்கணும். என்னைக்காவது கன்ட்ரோலரே வரைஞ்சா அப்ப போடுங்க: 1.6 மி.மீ. போர்டு, ஸ்க்ரூ துளையில இருந்து தள்ளி, சென்சாருக்கு அடியில டிராக்கும் வியாவும் (லேயர்கள இணைக்கிற துளை) இல்லாம. சுத்தி மூணு பக்கமும் 1 மி.மீ. வெட்டு விட்டா ஸ்க்ரூ முறுக்குறப்ப வாற வளைவு சென்சாருக்குப் போகாது.

ஒட்டுறது: ஸ்டென்சில் இல்லாம முயற்சி பண்ணாதீங்க. 0.1 மி.மீ. ஸ்டென்சில், சாலிடர் பேஸ்ட் 63/37, உருகுறது 183 டிகிரி. பேஸ்ட்ட ஃப்ரிட்ஜ்ல வைங்க. எடுத்ததும் டப்பாவைத் தொறக்காதீங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு உள்ள வேர்த்துரும், ரூம் சூட்டுக்கு வந்த பொறவு தொறங்க. ஹாட் பிளேட் மேல 150ல ஒண்ணரை நிமிசம் நிக்க விட்டு, 210, 215க்கு ஏத்தி, பேஸ்ட் பளபளன்னு ஆனதும் 30, 40 செகண்ட்ல எறக்கிருங்க. சென்சார் தானா ஒரு குலுங்கு குலுங்கி நேரா உக்காரும், அதை ட்வீசரால அமுக்காதீங்க. அமுக்குனா பேஸ்ட் பிதுங்கி ரெண்டு பேடு ஒட்டிரும். ஹாட் ஏர மேல இருந்து நேரா பாரோவுல அடிச்சா உள்ள இருக்க மெல்லிய தகடு போயிரும், உங்க ரெண்டு சென்சாரும் அப்படிப் போயிருக்கலாம்.

தோசைக்கல்லுல ஒட்டுறவங்களும் உண்டு, ஒட்டத்தான் செய்யும். ஆனா அது ஈயம். அந்தக் கல்லு திரும்ப அடுப்புக்கு வரக்கூடாது.

நோ-க்ளீன் ஃபிளக்ஸ்தான். கழுவாதீங்க. ஐபிஏ (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்) பாரோ துளைக்குள்ள போனா ஃபிளக்ஸயும் சேத்து உள்ள கொண்டு போயி காஞ்சிரும். அல்ட்ராசோனிக் குளியல் எந்த மெம்ஸ் (நுண் இயந்திர) சென்சாருக்கும் ஆகாது.

நாங்குநேரிக்காத்து:

வெட்டு விசயத்துல ஒத்துக்க மாட்டேன் வே. மூணு பக்கம் வெட்டுனா சென்சார் உக்காந்திருக்கது நீச்சல்குளத்துத் தாவுபலகை மாதிரி. 10 இன்ச் ப்ராப் 6000 ஆர்பிஎம்ல 100 ஹெர்ட்ஸ், ரெண்டு இலைக்கு 200 ஹெர்ட்ஸ். அந்த நாக்கு எந்த அதிர்வெண்ல ஆடும்னு யாரு கண்டா? வெட்டுறதுக்குப் பதிலா ஸ்க்ரூ துளைய 4 மி.மீ. ஆக்கி சிலிக்கோன் க்ரோமெட் (ரப்பர் மாதிரி வளையம்) போட்டா வளைவும் போகும், அதிர்வும் குறையும்.

ஈயம்63:

நாக்கு 6, 7 மி.மீ. நீளம்னா 1.6 மி.மீ. போர்டுல அது ஆடுறது ப்ராப் அதிர்வுக்கு ரொம்ப மேல இருக்கும் வே. ரொம்ப நீளமா நாக்கு விட்டாத்தான் நீரு சொல்லுத ஆபத்து. க்ரோமெட் போடுறதுக்கு நான் எதிர் இல்ல. எப்படிப் போட்டாலும் பறந்த லாக்ல வைப் (அதிர்வு) அளவு 30க்குக் கீழ இருக்கணும், 60க்கு மேல போனா உயரமும் நிலையும் நிச்சயம் கெடும். அதைப் பாத்தா யாரு சொல்லுதது சரின்னு தெரிஞ்சிரும்.

காந்தக்கல்:

தம்பி, புதுப் போர்டு வந்ததும் மொத வேலை: கரண்ட் குடுக்கதுக்கு முன்னால 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும், 3.3க்கும் கிரவுண்டுக்கும் ஷார்ட் இல்லன்னு பாருங்க. பொறவு பெஞ்ச் சப்ளைல 100 மில்லி ஆம்பியர் வரம்பு வச்சு 5 வோல்ட் குடுங்க. இந்தப் போர்டு சில மில்லி ஆம்பியருக்கு மேல இழுக்கக் கூடாது. ஈஎஸ்பி32ல ஐ2சி ஸ்கேனர் ஓட்டுனா 1சி, 77 ரெண்டும் வரணும். பழைய 5 வோல்ட் ஆர்டுயினோ ஊனோவுல சொருகாதீங்க.

அடுத்து காலிபரேசன். இது நம்ம ஊருக்குன்னே உள்ள சங்கதி, வெளியூர்க்காரன் வீடியோவுல சொல்ல மாட்டான். காந்த நடுக்கோடு நம்ம தலைக்குப் பக்கத்துல போகுது. 1963ல மொத ராக்கெட் ஏவுன தும்பாவுல எடம் பாத்ததும் அதுக்காகத்தான். பாளையங்கோட்டைக்குப் பக்கம் கிருஷ்ணாபுரத்துல இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தோட ஆய்வுக்கூடம் இருக்கதும் அதுக்குத்தான். இங்க பூமியோட புலம் கிட்டத்தட்ட தரைக்கு இணையா, வடக்கு தெற்கா படுத்துக் கெடக்கு. நமக்கு அது லாபம். வட ஐரோப்பாவுல பாதிக்கு மேல புலம் தரைக்குள்ள குத்திப் போயிரும், திசை காட்ட 20 மைக்ரோடெஸ்லா மிஞ்சுறதே பெருசு. நமக்கு 40ம் திசைக்கே வருது.

ஆனா ஒரு வில்லங்கம். ட்ரோன மட்டமா வச்சு எத்தனை சுத்து சுத்துனாலும் செங்குத்து அச்சுக்கு ஒண்ணும் தெரியாது, பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துலயே நிக்கும். மூக்கை வடக்க பாத்து வச்சுட்டு பக்கவாட்டுல உருட்டுனாலும் ஒரு எண்ணும் மாறாது, புலத்தோட அச்சுலயே உருட்டுறீங்க. மூக்கை வானத்தைப் பாத்து நிமித்திப் பிடிச்சு ஒரு முழுச் சுத்து, மூக்கைத் தரையைப் பாத்துப் பிடிச்சு ஒரு சுத்து, எடது பக்கம் சாய்ச்சு ஒரு சுத்து, வலது பக்கம் சாய்ச்சு ஒரு சுத்து, பொறவு மட்டமா ஒண்ணு, கவுத்து ஒண்ணு. ஒவ்வொண்ணும் நின்ன எடத்துல முழுசா சுத்தணும். இதைச் செய்யாம பாதியில விட்டா காலிபரேசன் பாஸ் ஆன மாதிரி காட்டும், சாய்ஞ்சு திரும்புறப்ப திசை இழுக்கும்.

மொட்டைமாடியில செய்யாதீங்க, தளத்துக்குள்ள கம்பி. பைக், கார், கரண்டு கம்பம் எதுவும் பக்கத்துல இல்லாத பொட்டல்ல செய்யுங்க. சட்டைப் பையில இருக்க போனையும் சாவியையும் எடுத்து வச்சுட்டு நில்லுங்க.

பாளைகுவாட்:

நாலு லேயர், 1.6 மி.மீ., எல்இடி இல்ல, 4.7கே ஜம்பரோட, சிஎஸ் 3.3ல. காம்பஸுக்கு 10 செ.மீ. கம்பம். பாரோ கம்பத்துல போகணுமா, கீழயே இருக்கலாமா?

நாங்குநேரிக்காத்து:

கீழயே. கம்ப உச்சியிலதான் காத்து முழுசா முட்டும். போர்ட வரையும்போதே நடுவுல வி-கட் (ஒடிக்க வசதியா ஒரு கீறல்) போட்டு ரெண்டா ஒடிக்கிற மாதிரி வரைங்க, அஞ்சு போர்டு காசுல அஞ்சு காம்பஸ், அஞ்சு பாரோ. நடுவுல நாலு வயர்.